சபையில் எலெக்ட்ரீஷியனுக்கு என்ன வேலை?

எலெக்ட்ரீஷியன் கைத்தொழிலாளி, பொறியாளர் சாஸ்திரம் கற்றவர், ஆகையால் பொறியாளர்களின் தொழிற்சபையில் முன்னவனை அங்கத்தினனாகச் சேர்ப்பது சபையின் தரத்தைக் குலைப்பதோடு அவனுக்கும் யாதொரு பிரயோஜனமும் அளிக்காது என்னும் அபிப்பிராயம், யாரும் நிரூபிக்க முற்படாத, நிரூபிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத ஓர் உண்மைபோல் நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. சபையினர் சிலர் இதைக் கௌரவமான வார்த்தைகளில் சொல்லுகிறார்கள்; சிலர் சிரித்துக்கொண்டே சொல்லுகிறார்கள்; பெரும்பாலோர் வாய் திறவாமலே இதன்படி நடந்துகொள்ளுகிறார்கள். எலெக்ட்ரீஷியன்களிலேயே பலர் இதை ஒப்புக்கொண்டு, "அது பெரிய படிப்புப் படிச்சவங்க இடம் சார், நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்கிப்போகிறார்கள். உள்ளே இருப்பவரும் வெளியே நிற்பவரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் விஷயம் நியாயமாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இந்த விஷயத்தில் அது நியாயமன்று என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியைக் குறைத்துச் சொல்லி வெல்லுவது வெற்றியாகாது. பூர்வபட்சத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துரைத்த பிறகே மறுப்புக்கு இறங்குவது நம் தர்க்க மரபு. ஆகவே அவர்கள் சொல்லுவதை அவர்கள் சொல்லுகிறபடியே வைக்கிறேன். தொழிற்சபை என்பது பொதுவான ஒரு கல்வியைப் பெற்றவர்கள் தம்முள் ஒருவரையொருவர் பரீட்சித்துக்கொண்டு, நடத்தை நெறியைக் காத்துக்கொண்டு, அரசாங்கத்துக்கும் சமூகத்துக்கும் ஆலோசனை கூறுவதற்காக அமைத்துக்கொண்ட ஸ்தாபனம். 1920இல் தோன்றி, 1935இல் அரச சாசனம் பெற்ற இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் இந்தியா இந்த நோக்கத்தோடு எழுந்ததே. பெயருக்குப் பின்னால் சபையின் எழுத்துகளைப் போட்டுக்கொள்ளும் உரிமைக்கு மதிப்பு இருப்பதன் காரணம், அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான். எலெக்ட்ரீஷியனோ ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு பயின்றவன், அல்லது ஒரு மேஸ்திரியின் பின்னால் ஏணி சுமந்து தொழில் கற்றவன். அவனுடைய திறமைக்கு அரசாங்கமே உரிமம் வழங்குகிறது. அவனுடைய கூலிக்கும் நலத்துக்கும் தொழிற்சங்கமும் நல வாரியமும் இருக்கின்றன. மருத்துவர்களின் சபையில் கம்பவுண்டரைச் சேர்ப்பதுண்டா? வழக்கறிஞர்களின் சபையில் குமாஸ்தாவைச் சேர்ப்பதுண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் வந்து கதவைத் தட்டவே இல்லையே; கேளாதவனுக்கு எதற்காக இலை போடவேண்டும்?

பார்த்த மாத்திரத்தில் இது திடமான வாதந்தான். ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தால் இதில் எது மிஞ்சுகிறது என்று காண்போம்.

முதலாவது: சாஸ்திர அறிவு இல்லாதவன் சபைக்கு என்ன கொடுப்பான்?

சாஸ்திரம் எங்கே முடிகிறது, அனுபவம் எங்கே தொடங்குகிறது என்னும் எல்லைக்கோட்டைத் தாம் அறிந்துவிட்டதாக நினைப்பவர்களுக்கே இந்தக் கேள்வி எழும். ஒரு திருஷ்டாந்தம் எடுத்துக்கொள்ளுவோம். வீட்டு மின்னிணைப்பில் ஆர்.சி.டி. என்னும் சாதனத்தை வைக்கவேண்டும் என்பது இன்று பொறியியல் உலகம் ஏகமனதாக ஒப்புக்கொண்டிருக்கும் விதி. பேஸ் கம்பியில் உள்ளே போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கவேண்டும். 30 மில்லியாம்பியர் அளவுக்கு வித்தியாசம் கண்டாலும், அந்த வித்தியாசம் ஒரு மனித உடலின் வழியாகப் பூமிக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும் என்பதால், கண்ணிமைக்கும் நேரத்தில் சாதனம் இணைப்பைத் துண்டித்துவிடும். தத்துவம் அழகானது, கணக்கு பிழையற்றது, உயிர் காப்பது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

இனி அதே சாதனம் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இருபதாண்டுப் பழைய வீட்டில் என்ன பாடு படுகிறது என்று பார்ப்போம். வீடு கட்டிய காலத்தில் இன்வெர்ட்டர் இல்லை. பிறகு ஒரு கோடையில் இன்வெர்ட்டர் வந்தது. வந்தவர், ஒவ்வோர் அறைக்கும் இன்வெர்ட்டர் பேஸை மாத்திரம் தனிக் கம்பியாக இழுத்துவிட்டு, நியூட்ரலைப் பழையதோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார். சுவரை உடைக்காமல் வேலை முடிந்தது, செலவும் மிச்சம். குளியலறைக்குப் போகும் குழாய்க்குள் ஈரம் இறங்கி, நியூட்ரலும் எர்த்தும் எங்கோ சுவருக்குள் தொட்டுக்கொண்டும் இருக்கின்றன. இந்த வீட்டில் இன்று ஓர் ஆர்.சி.டி. வைத்தால் அது ஒரு பகல் முழுவதும் நின்றதாகச் சரித்திரம் இராது. மின்விசிறியைப் போட்டால் விழும், மோட்டாரைப் போட்டால் விழும், ஒன்றும் போடாமலே விழும். சாதனம் தன் கடமையைத்தான் செய்கிறது. ஆனால் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளப் பொறுமையும் இராது. "அந்தச் சனியனைக் கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுத்துட்டுப் போப்பா" என்று அவர் சொல்லும்போது எதிரில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நிற்பவர் எலெக்ட்ரீஷியன். அவர் மறுத்தால் அடுத்த தெருவிலிருந்து மறுக்காத ஒருவர் வருவார்.

விதியை வகுத்தவருக்கு இந்தக் காட்சி தெரியுமா? தெரிந்திருந்தால், புதிய சாதனத்தைப் பழைய வீட்டில் வைப்பதற்கு முன்பு நியூட்ரல்களைப் பிரிக்க எந்த வரிசையில் வேலை செய்யவேண்டும், சுற்றுக்குச் சுற்று தனித்தனிச் சாதனம் வைப்பது எப்போது உசிதம், இன்வெர்ட்டர் விற்பவர் பொருத்தும்போது எதைக் கட்டாயமாகச் செய்யவேண்டும் என்பன போன்ற வழிகாட்டுதல்கள் விதியோடு கூடவே பிறந்திருக்கும். ஒரு விதி நடைமுறையில் எங்கே தோற்கிறது, ஏன் தோற்கிறது, யாருடைய நிர்ப்பந்தத்தால் தோற்கிறது என்பதும் பொறியியல் அறிவுதான். பாதுகாப்புப் பொறியியலில் அதைவிட உயர்ந்த அறிவு வேறொன்றும் இல்லை என்றுகூடச் சொல்லுவேன். அந்த அறிவு எலெக்ட்ரீஷியனிடம் மாத்திரமே இருக்கிறது. அதைச் சபைக்குக் கொண்டுவரும் வழியை அடைத்துவிட்டு, அவரிடம் சாஸ்திரம் இல்லை என்று குறை கூறுவது விசித்திரமான நியாயம்.

எர்த் குழியின் கதை இன்னும் சுருக்கமானது. கரியும் உப்பும் இட்டுக் குழாயை இறக்கி, அவ்வப்போது நீர் வார்த்து ஈரம் காக்கவேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தக் குழியின்மேல் கார் நிறுத்துவதற்காக டைல்ஸ் பதித்து மூடியாகிவிட்டது. குழி எங்கே இருக்கிறது என்பதே வாட்ச்மேனுக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் மாத்திரம் தெரிந்த ரகசியம்.

இரண்டாவது: சபையின் கௌரவம் குன்றிவிடும்.

கௌரவம் என்பது வடிகட்டுவதால் வருவது என்று நம்புகிறவர்கள், லண்டன் நகரில் தேம்ஸ் நதியருகே சவாய் பிளேஸ் என்னும் மாளிகையின் வாசலை ஒருமுறை பார்க்கவேண்டும். 1871இல் தந்திப் பொறியாளர்களின் சங்கமாகத் தோன்றி, பின்னர் மின் பொறியாளர் நிறுவனமாக வளர்ந்து, உலகின் பல நாடுகளில் உள்ள இத்தகைய ஸ்தாபனங்களுக்கெல்லாம் மூத்ததாக விளங்கும் சபையின் இல்லம் அது. அதன் முகப்பில் அவர்கள் நிறுத்தியிருக்கும் சிலை மைக்கேல் ஃபாரடேயினுடையது: கருமான் ஒருவரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், எந்தச் சர்வகலாசாலையின் வகுப்பிலும் மாணவராக உட்காராதவர். வாசலில் வைத்து வணங்குவதற்கு ஏற்றவரின் வர்க்கம் வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்கு ஏற்றதில்லையா?

"ஃபாரடே மேதை, எல்லா எலெக்ட்ரீஷியனும் ஃபாரடே ஆவானா?" என்று உடனே கேட்பார்கள். ஆகமாட்டார்தான், எல்லாப் பொறியாளரும் ஆகமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மை. மேதைகளின் பேச்சை விட்டு ஏற்பாட்டின் பேச்சுக்கு வருவோம். அதே பிரிட்டனில் இன்ஜினியரிங் கவுன்சில் என்னும் அமைப்பு வைத்திருக்கும் பதிவேட்டில் சார்ட்டர்டு இன்ஜினியர், இன்கார்ப்பரேட்டட் இன்ஜினியர், இன்ஜினியரிங் டெக்னீஷியன் என்று முக்கியமான படிகள் மூன்று. பட்டம் இல்லாத, ஆனால் தொழில் பழகித் தேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் தம்முடைய வேலையைச் சான்றாக வைத்து, சக தொழிலாளரின் பரிசீலனைக்கு உட்பட்டு, மூன்றாவது படிக்குரிய எழுத்துகளைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். 2006இல் மின் பொறியாளர் நிறுவனம் இன்கார்ப்பரேட்டட் இன்ஜினியர்களின் நிறுவனத்தோடு இணைந்து ஐ.இ.டி. என்னும் புதிய சபையானபோது, தரம் தாழ்ந்துவிடும் என்னும் இதே வாதம் அங்கும் எழாமல் இல்லை. ஆனால் முதற்படிக்குரிய பரீட்சையின் கண்டிப்பு மூன்றாம் படி இருப்பதால் ஓர் அணுவளவும் இளகவில்லை. ஒரு படிக்குரிய எழுத்துகளை மற்றொரு படியினர் போட்டுக்கொள்ளவும் முடியாது. தனித்தனிப் படி, தனித்தனி அளவுகோல், ஒரே கூரை: இதில் கௌரவம் எந்த ஓட்டை வழியாக ஒழுகிப்போகும்?

நம் நாட்டிலும் டிப்ளமா பெற்றவர்களுக்கென்று டெக்னீஷியன் என்னும் அங்கத்தினர் நிலை சபையில் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் டிப்ளமா படித்தவரும் ஐ.டி.ஐ. படித்தவரும் ஒருவரல்லர்; தெருவில் நம் வீட்டு வேலைக்கு வருகிறவர் பெரும்பாலும் பின்னவர், அல்லது இரண்டும் இல்லாதவர். சபையின் ஏணி தரையைத் தொடாமல் ஓர் ஆள் உயரத்தில் தொங்குகிறது.

அந்த ஏணி ஒரு காலத்தில் வேறுவகையாக இருந்தது என்பதுதான் வருத்தத்துக்குரிய செய்தி. ஏ.எம்.ஐ.இ. என்று நாம் அறிந்த பரீட்சையைச் சபை 1928 முதல் நடத்திவந்தது. பகலில் துணை மின்நிலையத்திலும் வரைபட அறையிலும் வேலை பார்த்து, இரவில் ஒற்றை விளக்கில் படித்து, 'ஏ' பிரிவு 'பி' பிரிவு என்று ஆண்டுக்கணக்கில் எழுதித் தேறி, பொறியாளர் என்னும் அந்தஸ்தைப் பெற்றவர்கள் தமிழ்நாட்டில் பலர். அரசாங்கத் துறைகளில் உயர்ந்த பதவிகளுக்கு அந்த வழியாக வந்தவர்களும் உண்டு. 2013 மே மாதத்துக்குப் பிறகு அதில் சேர்ந்தவர்களுக்குப் பட்டத்துக்கு நிகரான மத்திய அரசின் அங்கீகாரம் இல்லாமற்போயிற்று. அதற்குரிய காரணங்களை இங்கே விசாரிக்கப் புகவில்லை. உழைத்துக்கொண்டே படித்து ஏறும் பாதை குறுகியபோது, சபையின் கௌரவம் அதனால் உயர்ந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை என்பதை மாத்திரம் சுட்டிக்காட்டுகிறேன்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கௌரவ வாதம் வேடிக்கையாகவே படவேண்டும். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உருவாக்கிய ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அவரே பின்னர் அந்நகரில் பொறியியல் கல்லூரி நிறுவியபோது, நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டு போதும், வேலை பார்ப்பவர்களுக்குப் பகுதிநேர வகுப்புகள் வேண்டும் என்று வாதாடி, அரசாங்கம் இசையாமற்போகவே முதல்வர் பதவியிலிருந்து விலகினார். நான்கா இரண்டா என்னும் கணக்கில் அவரோடு நான் உடன்படவில்லை; கையின் அறிவையும் நூலின் அறிவையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவர முயன்ற அந்த நோக்கம் முழுக்கச் சரியானது.

மூன்றாவது: உரிமம் இருக்கும்போது உறுப்பினர் நிலை எதற்கு?

உரிமத்தைப் பற்றி மிகையாக நம்புகிறவர்கள் பெரும்பாலும் உரிமம் வாங்காதவர்கள். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாகவே, தகுதிச் சான்று பெற்றவரின் நேர் மேற்பார்வையில், அனுமதி பெற்றவரின் கையாலேயே செய்யவேண்டும் என்று விதித்தது. மத்திய மின்சார ஆணையத்தின் பிற்காலத்துப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் சாராம்சத்தில் இந்த ஏற்பாட்டையே தொடர்கின்றன. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன் உதவியாளர், வயர்மேன், மேற்பார்வையாளர் என்று படிப்படியாகத் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. ஏட்டளவில் இதைவிடச் செம்மையான ஏற்பாட்டைக் கற்பனை செய்வது கடினம்.

ஏட்டுக்கு வெளியே? வேலை முடிந்ததும் கொடுக்கவேண்டிய சோதனை அறிக்கையில், கம்பிகளின் காப்பு மின்தடை 500 வோல்ட் அழுத்தத்தில் ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருப்பதாக எழுதி, உரிமம் உடையவர் கையொப்பமிடவேண்டும். அந்த எண்ணைச் சொல்லுவதற்கு மெகர் என்னும் கருவி வேண்டும். மெகரையே தொடாமல் அந்தக் கட்டத்தில் அழகான எண் ஒன்று விழுந்துவிடுவதும், கையொப்பமிட்டவர் அந்தத் தெருவையே பார்த்திராமல் இருப்பதும், உரிமம் ஒருவருடையதாகவும் வேலை மற்றொருவருடையதாகவும் இருப்பதும் இந்தத் தொழிலில் யாருக்கும் புதிய செய்தியல்ல. அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார் என்னும் பயம் மாத்திரமே உரிமத்தின் பலம். அதிகாரி வாராத வீட்டில் அந்தப் பலம் பூஜ்யம். தன் பெயரையும் தன் வேலையையும் அறிந்த சகதொழிலாளர் நடுவில் தலைநிமிர்ந்து உட்காரவேண்டும் என்னும் கூச்சமோ, யாரும் பார்க்காத இடத்திலும் பின்தொடர்ந்து வரும். அந்தக் கூச்சத்தை ஆங்கிலேயர் தம் பொறியாளர்களுக்குச் சபை மூலமாக வளர்த்தார்கள். நம் பொறியாளர்களும் தமக்கு அதை நல்லது என்று ஒப்புக்கொண்டுதான் சபை அமைத்தார்கள். தமக்கு நல்லதாகப் பட்ட ஒன்று மின்சாரத்தை நேரில் தொடுகிறவருக்கு மாத்திரம் அவசியமற்றதாவது எவ்வாறு?

மருத்துவரும் கம்பவுண்டரும் என்னும் உவமை இங்கேதான் முறிந்துபோகிறது. நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர் மருத்துவரே. மருந்தை எழுதுகிறவரும் அவரே. தவறு நேர்ந்தால் விசாரிக்கப்படுகிறவரும் அவரே. வீட்டு மின்னமைப்பில் பொறியாளர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. தனி வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்வரைபடமே கிடையாது. கொத்தனார் சுவரெழுப்பியதும், எந்த மூலையில் சுவிட்ச்போர்டு, எந்தக் கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர், ஏ.சி.க்குத் தனிச் சுற்றா இல்லையா என்பவற்றையெல்லாம் வீட்டம்மாளோடு பேசி அந்த இடத்திலேயே தீர்மானிக்கிறவர் எலெக்ட்ரீஷியன். வடிவமைப்பும் அவருடையது, நிறைவேற்றமும் அவருடையது, சோதனை என்று ஒன்று நடந்தால் அதுவும் அவருடையது. இந்தியாவில் ஆண்டுதோறும் 12,000க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகள் காட்டுகின்றன. அவற்றுள் அறுந்து விழுந்த லைனும் உண்டு, வயல் மோட்டாரும் உண்டு, குளியலறை ஹீட்டரும் உண்டு. எல்லாம் எலெக்ட்ரீஷியனின் பிழை என்று சொல்லுவது அபாண்டம். ஆனால் இந்த மரணங்களைக் குறைக்க வேண்டுமானால் யாருடைய கை தேர்ச்சி பெறவேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

நான்காவது: அவனுக்குத்தான் தொழிற்சங்கம் இருக்கிறதே.

இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கூலி, விபத்து நஷ்டஈடு, முதுமைக்கால உதவி ஆகியவை தொழிற்சங்கத்தின் அதிகாரத்துக்கும் நல வாரியத்தின் பொறுப்புக்கும் உட்பட்டவை. தொழிற்சபை அவற்றில் தலையிட்டால் இரண்டும் கெடும். ஆனால் நியூட்ரலை எங்கே பிரிப்பது என்பதைப் பற்றித் தொழிற்சங்கம் விவாதிக்காது, ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதைப் பற்றிச் சபை விவாதிக்காதது போல. பொறியாளர்களுக்கும் உத்தியோகஸ்தர் சங்கங்கள் இருக்கின்றன. அதனால் அவர்கள் சபையிலிருந்து விலகிக்கொண்டார்களா? இந்த ஆட்சேபத்துக்கு இதற்குமேல் இடங்கொடுக்கத் தேவையில்லை.

ஐந்தாவது: அழைத்தாலும் வரமாட்டான்.

உண்மையில் இதுவே மற்ற நான்கையும் தாங்கி நிற்கும் தூண். இதில் ஓர் உண்மையும் இருக்கிறது. பிரிட்டனில் வாசலைத் திறந்துவைத்த பிறகும் எலெக்ட்ரீஷியன்கள் அணியணியாக வந்து சேர்ந்துவிடவில்லை. அவர்களை எப்படி ஈர்ப்பது என்பது அங்கே இன்னமும் பேசப்படுகிற பிரச்சினையே. காரணம் தேடினால் அதிகத் தூரம் போகவேண்டியதில்லை. 1882இல் மின்விளக்குகளால் தீ நேராமல் தடுப்பதற்காக முதன்முதல் விதிகள் வகுத்தது முன்சொன்ன சவாய் பிளேஸ் சபை. அந்த விதிகள் பதிப்புக்குப் பதிப்பு பெருகி, 1992இல் பி.எஸ். 7671 என்னும் எண்ணோடு பிரிட்டிஷ் தரமாகி, 2018இல் பதினெட்டாம் பதிப்பைக் கண்டு, அதற்குப் பிறகும் திருத்தங்கள் பெற்று வருகின்றன. பதிப்பு மாறும்தோறும் எலெக்ட்ரீஷியன் கனமான அந்தப் புத்தகத்தை விலைகொடுத்து வாங்கவேண்டும். அதன்மேல் நடக்கும் பரீட்சைக்குப் பணம் கட்டி உட்காரவேண்டும். ஆகவே சபை என்றால் தன் சட்டைப்பையில் கை வைக்கிற புத்தக வியாபாரி என்னும் எண்ணம் அவர் மனத்தில் பதிந்துபோனால் அதில் ஆச்சரியம் என்ன? விதி வகுக்கும் குழுவில் ஒப்பந்தக்காரர்களின் சங்கங்கள் முதலியவற்றின் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். திருத்த வரைவின்மேல் பொதுமக்களும் அபிப்பிராயம் சொல்லலாம். ஆனால் ஏணியில் நிற்கும் தனி மனிதருக்கு, இந்த வரி என் அனுபவத்தால் மாறியது என்று சுட்டிக்காட்ட ஒரு வரியும் கிடைப்பது அபூர்வம். ஈர்ப்பு இல்லாமற்போனதன் மூலம் அங்கே இருக்கிறது. எலெக்ட்ரீஷியனின் சுபாவத்தில் ஒரு குறையும் இல்லை.

நல்லெண்ணம் கொண்ட சிலர் இந்த இடத்தில் வேறொரு தவறான பாதையைக் காட்டுகிறார்கள். சந்தாவைக் குறைத்தால் வருவார்கள். கருவிகள் வாங்கத் தள்ளுபடி, விபத்துக் காப்பீடு, சட்டமிட்டு மாட்டிக்கொள்ள ஒரு சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றைக் கொடுத்தால் ஓடி வருவார்கள் என்பது அவர்களுடைய யுக்தி. எதிர்க்கட்சியினரைவிட இந்த நண்பர்களையே நான் கடுமையாக மறுக்கிறேன். தள்ளுபடிக்காகச் சேருகிறவர் தள்ளுபடி தீர்ந்ததும் போய்விடுவார்; கம்பி விற்கும் கம்பெனிகளே கூப்பனும் பரிசும் சுற்றுலாவும் கொடுத்து அவரைப் பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் போட்டியில் சபை ஒருநாளும் வெல்லப்போவதில்லை. பரீட்சையில்லாமல் அட்டை கொடுப்பதோ இன்னும் மோசம்; அது, தரம் கெடும் என்று கூக்குரலிடுகிறவர்களின் வாயில் நாமே அவலைப் போடுவதாகும்.

பரீட்சை வேண்டும்; அது கண்டிப்பாகவும் இருக்கவேண்டும். ஆனால் எதை எப்படிப் பரீட்சிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கட்டுரை எழுதச் சொல்லி ஒரு எலெக்ட்ரீஷியனின் தகுதியை அளப்பது, நீந்தத் தெரியுமா என்று வியாசம் எழுதச் சொல்லிக் கேட்பதற்கு ஒப்பாகும். பிழை ஒளித்துவைத்த ஒரு டிஸ்ட்ரிபியூஷன் போர்டின் முன் அவரை நிறுத்தி, மெகரையும் எர்த் டெஸ்டரையும் கையில் கொடுத்து, பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லி, ஏன் அதை அங்கே தேடினார் என்று தமிழில் கேட்டு, தமிழிலேயே பதில் வாங்கவேண்டும். அந்தப் பதிலில் சாஸ்திரம் இருக்கிறதா இல்லையா என்பது கேட்கத் தெரிந்த எந்தப் பொறியாளருக்கும் ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும். தேறாதவரைத் தேறவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, எதைப் படித்துவிட்டு மறுபடி வரவேண்டும் என்றும் எழுதிக் கொடுக்கவேண்டும். படிப்பதற்குரிய நூலும் தமிழில் இருந்தாக வேண்டும், எர்த்திங்குக்கான ஐ.எஸ். 3043, வயரிங்குக்கான ஐ.எஸ். 732 ஆகிய தரங்கள் ஆங்கில வாசகத்தோடு நின்றுகொண்டிருக்கும்வரை, அவற்றை அவர் மீறுகிறார் என்று குற்றஞ்சாட்டுவதற்கே நமக்குப் பாதி உரிமைதான் உண்டு. இவற்றைத் தமிழாக்கிக் குறிப்புரை எழுதும் வேலையைச் சபையின் ஒரு கிளை மேற்கொள்ளுமானால், அதுவே நூறு அழைப்பிதழ்களுக்குச் சமம்.

இவ்வளவும் செய்து, தேறியவரை அங்கத்தினராக்கிய பிறகு அவரைக் கடைசி வரிசை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் எல்லாம் வீண். வீட்டு மின்னமைப்பைப் பற்றிய எந்தக் குழுவிலும் குரலும் வாக்கும் உடைய அங்கத்தினராக அவர் அமரவேண்டும். பழைய வீடுகளில் ஆர்.சி.டி. ஏன் கழற்றப்படுகிறது என்பதுபற்றி அவர் கொண்டுவரும் குறிப்பு, பேராசிரியர் ஒருவரின் ஆய்வுரைக்கு உள்ள அதே மரியாதையோடு நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறவேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். கூட்டத்தை வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைக்கும் வழக்கத்தை மாத்திரம் முதலில் விட்டாக வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது அலுவலக நேரம், எலெக்ட்ரீஷியனுக்கு அது ஒரு நாள் கூலி. ஞாயிற்றுக்கிழமை மாலை கூடட்டும். அப்படி முடியாதென்றால், வெளியூரிலிருந்து வரும் பொறியாளருக்குப் பிரயாணப்படி கொடுப்பதுபோல, அவருக்கு அன்றைய கூலியைச் சபை கொடுத்துவிடட்டும்.